மாசி முதல் சித்திரை வரை: தூத்துக்குடித் துறைமுகத்தைச் சுற்றிப் பறவை பார்ப்பது எப்படி?

தமிழ்க் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். தூத்துக்குடிக் கரையில் குளிர்காலத்தைக் கழிக்க வந்த பறவைகளுக்கோ அந்தப் பருவம் மாசி பாதியிலேயே பிறந்துவிடுகிறது. உப்பளங்களில் புது உப்பு விளையத் தொடங்கும் வாரங்களில், ஐப்பசியிலிருந்து சாம்பல் நிறத்திலேயே திரிந்த உப்புக்கொத்தி என்னும் சிறு கரைப்பறவைகளின் மார்பில் செங்காவி படரும். கடற்காகங்களின் வெள்ளைத் தலையில் பழுப்புத் திட்டுகள் தோன்றும். சித்திரை முடிவதற்குள் இவற்றில் பெரும்பாலானவை திபெத்துக்கும் மத்திய ஆசியாவுக்கும் சைபீரியத் தூந்திரத்துக்கும் கிளம்பிப் போயிருக்கும். இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு வாரங்களில் துறைமுகத்தைச் சுற்றி எங்கே நிற்பது, எந்த நேரத்தில் எந்தத் திசையைப் பார்ப்பது, எதைக் குறித்துக்கொள்வது என்பதை இங்கே சொல்கிறேன்.

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காகத் தை மாதத்தில் உற்சாகமாக வருகிறவர்கள் பலர், அதன் பிறகு பைனாகுலரை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. தையில் கரைப்பறவைகள் எல்லாமே மேலே சாம்பல், கீழே வெள்ளை என்று ஒன்றுபோல் இருப்பதால் புதியவர் மனம் சோர்ந்துபோவார். பங்குனியிலோ ஒவ்வொன்றும் தன் இனத்துக்குரிய நிறத்தை அணிந்துகொண்டு தன்னை அடையாளம் காட்டுகிறது. எனவே தொடங்குவதற்கு ஏற்ற காலம் பங்குனிதான். ஒரே நாளில் பத்து இடங்களைச் சுற்றுவதைவிட, இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்துகொண்டு, பத்து நாளுக்கு ஒருமுறை அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போவதே இந்தப் பருவத்துக்கு உகந்த முறை. பறவை மாறிக்கொண்டே இருப்பதால், இடத்தை நாம் மாற்றாமல் இருந்தால்தான் அந்த மாற்றம் கண்ணில் படும்.

எங்கே நிற்பது

தூத்துக்குடியில் துறைமுகம் என்றால் மூன்று இடங்களைக் குறிக்கும். ஊருக்குள்ளேயே, கடற்கரைச் சாலையை ஒட்டி, மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகள் கட்டிக் கிடக்கும் பழைய துறைமுகம் ஒன்று. அதற்கு அருகே விசைப்படகுகள் நிற்கும் மீன்பிடித் துறைமுகம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தெற்கே, கடலுக்குள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளும் இரண்டு கல் அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே அமைந்த வ.உ.சிதம்பரனார் துறைமுகம் மூன்றாவது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இந்த மூன்றாவது இடம் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் காவலில் உள்ளது. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. அதன் வேலியை நோக்கிக் கேமராவையோ ஸ்கோப் என்னும் தொலைநோக்கியையோ திருப்புவதும் நல்லதல்ல. வெளியே நின்று பார்ப்பதற்கே போதிய இடங்கள் உண்டு.

பழைய துறைமுகத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் ரோச் பூங்காவை ஒட்டிய கரை எளிதானது. நடந்தே போகலாம், உட்கார இடமுண்டு. வடக்கே தெரேஸ்புரம் கரையில் நாட்டுப்படகுகளும் வள்ளங்களும் மீன் இறக்கும். ஆனால் பறவைகளின் கூட்டம் சேர்வது உப்பளங்களில்தான். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்திலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும், திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு வரையிலும், வடக்கே தருவைக்குளம், வேப்பலோடைப் பக்கத்திலும் பாத்தி பாத்தியாக உப்பளம் விரிந்து கிடக்கிறது. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இடைவிடாமல் ஓடும் என்பதால் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்காதீர்கள். உப்பளத்துக்குள் இறங்கும் மண்பாதை ஒன்றைக் கண்டுபிடித்து அதில் சற்று உள்ளே போய் நிறுத்துங்கள். உப்பளங்கள் தனியார் இடங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே வேலை செய்கிறவர்களிடமோ கணக்குப்பிள்ளையிடமோ, “அண்ணாச்சி, பறவை பார்க்க வந்திருக்கிறோம், வரப்பில் நிற்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். எந்தப் பாத்தியில் நேற்று பூநாரை இறங்கியது என்ற செய்தியும் கூடவே கிடைக்கும். காலை 5 மணியிலிருந்து அங்கேயே இருப்பவர்கள் அவர்கள்தாம்.

மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றி ஒரு சொல். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவு, காசுவார், காரைச்சல்லி ஆகியவை 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. படகுக்காரர் அழைத்தாலும் அங்கே இறங்கக் கூடாது.

வெயிலும் நீரும்

இந்தக் கரை கிழக்கு நோக்கியது. இதை மறந்துவிட்டு முதல் இரண்டு ஆண்டுகள் நான் காலை 7 மணிக்கு ரோச் பூங்காவில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே சூரியன், நீர் முழுவதும் வெள்ளித் தகடு, பறக்கும் எல்லாமே கறுப்பு. அக்காலத்துக் குறிப்பேட்டில் “கருநிறக் கடற்காகம் 11” என்று எழுதிவைத்திருக்கிறேன். அப்படியொரு பறவை தூத்துக்குடியில் கிடையாது. அதே இடத்துக்கு மாலை 4 மணிக்குப் போனபோதுதான், சூரியன் முதுகுக்குப் பின்னே இருக்க, அந்தப் பதினொன்றின் காலும் அலகும் சிவப்பு என்பதே தெரிந்தது.

ஆகவே விதி எளிது: கடலை மாலையில் பாருங்கள், உப்பளத்தைக் காலையில் பாருங்கள். உப்பளத்திலும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி நகருமாறு பாதையை அமைத்துக்கொள்ள வேண்டும். துறைமுகச் சாலையில் கடற்பக்கத்திலிருந்து ஊரை நோக்கி வந்தால் சூரியன் பின்னால் இருக்கும். திருச்செந்தூர் சாலையின் கடற்பக்கத்துப் பாத்திகளைச் சாலையில் நின்று பார்ப்பதாக இருந்தால் அது மாலைக்குரிய வேலை. பங்குனியில் காலை 9 மணியைத் தாண்டினால் பாத்திகளின் மேல் கானல் எழுந்து, ஸ்கோப்பில் 60 மடங்கு பெருக்கினாலும் உப்புக்கொத்தி நெளிந்துகொண்டே இருக்கும். அப்போது பார்ப்பதை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போய்விடலாம். உப்புப் பரப்பின் வெளிச்சம் கீழிருந்தும் அடிக்கும் என்பதால் தொப்பி மட்டும் போதாது. கறுப்புக் கண்ணாடியும், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் வேண்டும். பைனாகுலர் 8x42 அளவில் இருந்தால் எல்லாவற்றுக்கும் போதும். ஸ்கோப் எல்லோரிடமும் இருக்க வேண்டியதில்லை, குழுவில் ஒருவரிடம் இருந்தால் போதும்.

மன்னார் வளைகுடாவில் ஓதம் சிறியது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வேறுபாடு இருக்காது. ஆயினும் கரை சரிவின்றித் தட்டையாக இருக்கும் இடங்களில் அந்தச் சிறு வற்றமே பெரிய சேற்றுத் திடலை வெளிப்படுத்திவிடும். நீர் வற்றும்போது உள்ளான்கள் சேற்றில் பரவி மேயும்; நீர் ஏறும்போது ஒதுங்கிக் கூட்டமாக உப்பளத்துக்குள் வந்து வரப்புகளில் நிற்கும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் இந்த இடப்பெயர்ச்சி தெளிவாகத் தெரியும். எண்ணிக்கை எடுக்க விரும்புகிறவர் நீர் ஏற்றத்தின்போது உப்பளத்தில் இருக்க வேண்டும். இரை தேடும் முறையைப் பார்க்க விரும்புகிறவர் வற்றத்தின்போது கரையில் இருக்க வேண்டும்.

உப்பளத்தைப் படிப்பது

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாப் பாத்தியும் ஒன்றே. பறவைக்கு அப்படியல்ல. கடல்நீரோ கிணற்று நீரோ முதலில் தெப்பம் எனப்படும் தேக்கத்தில் தேங்கும். பிறகு ஒன்றிலிருந்து ஒன்றாகப் பாத்திகளில் வெயிலில் சுண்டி, உப்பேறி, கடைசிப் பாத்தியில் உப்பாக விளையும். தெப்பத்து நீர் ஏறக்குறையக் கடல்நீரைப் போன்றது என்பதால் அதில் மீன் உண்டு. அங்கே நீர்க்காகம், சின்ன வெள்ளைக்கொக்கு, மீசை ஆலா, பருத்த அலகு ஆலா ஆகியவற்றைத் தேடுங்கள். நடுப்பாத்திகளில் மீன் வாழ முடியாத அளவுக்கு உப்பு ஏறியிருக்கும். ஆனால் ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்பு இறால் அதில்தான் கொழிக்கும். பூநாரையும் நெடுங்கால் உள்ளானும் கொசு உள்ளானும் திரள்வது அதனால்தான். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் வைத்து வடிகட்டுவதை அரை மணி நேரம் பார்க்கலாம். அதன் சிறகில் உள்ள இளஞ்சிவப்பு அந்த இரையிலிருந்து வந்ததே. நீர் செந்நிறமாகத் தெரியும் கடைசிப் பாத்திகளில் இரை எதுவும் இல்லை. அங்கே பறவை நின்றால் அது உறங்க வந்தது என்று பொருள். அதை எழுப்பாமல் நகர்ந்துவிட வேண்டும். வடக்கே பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்க உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவைக்கு, தேவையில்லாமல் ஒருமுறை எழும்பிப் பறப்பதும் செலவுதான்.

நிறம் மாறும் ஒழுங்கு

முதலில் கற்க வேண்டியது பழுப்புத்தலைக் கடற்காகம். குளிர்காலத்தில் அதற்குப் பழுப்புத் தலையே கிடையாது. கண்ணுக்குப் பின்னே காதிருக்கும் இடத்தில் ஒரு கரும்புள்ளி மட்டும் இருக்கும். மாசிப் பிற்பகுதியில் அந்தப் புள்ளி பரவத் தொடங்கி, பங்குனியில் முகம் முழுவதும் காப்பி நிற முகமூடியாகிறது. மாலையில் பழைய துறைமுகத்தில் ஒரு தோணியின் வடத்தைக் கவனியுங்கள். கயிற்றில் ஐந்தாறு கடற்காகம் வரிசையாக உட்கார்ந்திருக்கும்: ஒன்றுக்கு முகமூடி முழுமையாகிவிட்டது, அடுத்ததற்கு நெற்றியில் வெள்ளை மிச்சம், அதற்கடுத்தது இன்னும் புள்ளியோடு நிற்கிறது. ஒரே கயிற்றில் இரண்டு மாதத்து மாற்றத்தையும் பார்த்துவிடலாம். இதோடு கருந்தலைக் கடற்காகமும் கலந்திருக்கக் கூடும் என்பதால் கண்ணையும் சிறகையும் பாருங்கள். வளர்ந்த பழுப்புத்தலைக்குக் கண் வெளிறியது. விரித்த சிறகின் நுனி கறுப்பு, அதில் வெள்ளைப் பொட்டு. கருந்தலைக்குக் கண் கருமை. சிறகின் முன்விளிம்பு நெடுக வெள்ளை.

அடுத்து உப்புக்கொத்திகள். இவற்றின் தமிழ்ப் பெயர்கள் நூலுக்கு நூல் வேறுபடுவதால் பெயரைவிட அடையாளத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. பின்கழுத்தில் வெள்ளை வளையம் இருந்தால் அது கெண்டிஷ் உப்புக்கொத்தியின் வகை. வளையமே இல்லாமல் சற்றுப் பெரிதாக இருந்தால் மணல் உப்புக்கொத்தி. இரண்டாவதன் மார்பில்தான் பங்குனியில் செங்காவிப் பட்டை வரும்; ஆணுக்குக் கண்ணைச் சுற்றிக் கருமை ஏறும். கூட்டத்தில் ஒன்று மட்டும் கால் நீண்டு, அலகு தடித்து, நின்றால் தனித்துத் தெரிந்தால் அது பெரிய மணல் உப்புக்கொத்தியா என்று பொறுமையாகப் பாருங்கள். அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம். இதில் தேர்ந்தவர்களே தடுமாறுவார்கள்.

சித்திரைக்கென்று காத்திருக்க வேண்டியவை இரண்டு. கீழ்நோக்கி வளைந்த அலகுடைய வளை அலகு உள்ளான் தையில் வெறும் சாம்பல். ஏப்ரலில் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக ஊறி, கிளம்பும் முன் சில பறவைகள் முழுச் செங்கல்லாகிவிடும். கல்திருப்பி உள்ளான் அதைவிட அழகு: முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோலம், முதுகில் ஆரஞ்சு கலந்த செம்பழுப்பு. பெயருக்கேற்பக் கூழாங்கல்லையும் கடற்பாசியையும் அலகால் புரட்டிக்கொண்டே நடக்கும். கல் நிறைந்த கரையிலும் அலைதடுப்புக் கற்களிலும் அதைத் தேட வேண்டும். அதே கற்களில் கடற்கரைக் கொக்கு அசையாமல் நிற்கும். கருஞ்சாம்பல் உடலும் வெள்ளைத் தொண்டையும் உள்ளதை எவரும் கண்டுகொள்வர். இதே இனத்தில் வெள்ளை நிறத்துப் பறவையும் உண்டு; அதுவோ சின்ன வெள்ளைக்கொக்கைப் போலவே இருக்கும். சின்னக்கொக்கின் அலகு மெலிந்த கறுப்பு, கடற்கரைக் கொக்கின் அலகு தடித்து மஞ்சள் கலந்த பழுப்பு என்பதே வேறுபாடு.

பவளக்காலி, பச்சைக்காலி, குதிரைமலைக் கோட்டான், கருவால் மூக்கான் ஆகியவற்றைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. காலும் அலகும் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். நம் வயல்வெளியில் எப்போதும் பார்க்கும் மடையானையும் உண்ணிக்கொக்கையும் மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். சித்திரையில் மடையானின் முதுகு ஆழ்ந்த செம்மண் நிறமாவதையும், உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சாவதையும் துறைமுகச் சாலையோரத்துக் குட்டையிலேயே பார்க்கலாம்.

கூடு கட்டுகிறவை

வந்தவை கிளம்பும்போது உள்ளூர்ப் பறவைகள் குடித்தனம் தொடங்குகின்றன. நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி, சின்ன ஆலா ஆகியவற்றோடு ஒரு புது விருந்தாளியையும் சேர்க்க வேண்டும். புதியது பெயர் மட்டுமே, பறவை பழையது. கெண்டிஷ் உப்புக்கொத்தி என்றே இதுவரை எண்ணப்பட்டுவந்த, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிரந்தரமாக வாழும் சிறு பறவை 2023இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்டு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் பெற்றது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே அனுமன் படை பாலம் கட்டிய கதையே பெயருக்குக் காரணம். வடக்கிலிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்திக்குக் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கருங்கோடு இருக்கும். அனுமனுக்கு அவ்விடம் வெளிறியிருக்கும், உடலும் சற்றே சிறியது. சித்திரையில் வரப்பின் மேல் ஓடும் பறவை பெரும்பாலும் இதுவே என்று கொண்டு உற்றுப் பார்க்கலாம்.

இப்பறவைக்குக் கூடு என்று எதுவும் இல்லை. வரப்பிலோ காய்ந்த பாத்தியின் ஓரத்திலோ ஒரு சிறு குழி. சுற்றிலும் நாலைந்து சிப்பித் துண்டு. நடுவே மண்ணிலிருந்து பிரித்தறிய முடியாத இரண்டு மூன்று முட்டைகள். ஒரு நண்பகலில் இருபது அடித் தொலைவில் காருக்குள் இருந்தபடி இதைப் பார்த்தேன். பறவை முட்டையின் மேல் உட்காரவில்லை. நின்று, தன் நிழலை அதன்மேல் விழச் செய்துகொண்டிருந்தது. சில நிமிடங்களில் ஓடிப் போய்ப் பாத்தி நீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் தாழ்ந்தது. நனைந்த இறகிலிருந்து சொட்டிய நீர் காய்ந்த மண்ணில் கறுத்துத் தெரிந்தது. மறுபடி எழுந்து நின்றது. அந்த வெயிலில் பத்து நிமிடம் பறவையை நாம் விரட்டிவைத்தாலே முட்டை அவிந்துபோகும்.

ஆதலால் பங்குனிக்குப் பிறகு வரப்பில் நடப்பதைக் குறைத்து, வண்டிக்குள்ளிருந்தே பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். பறவை உங்கள் முன்னே சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினால் அது நடிப்பு. முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கிறது. பின்தொடராமல், வந்த தடத்திலேயே திரும்புங்கள். நெடுங்கால் உள்ளான்கள் தலைக்கு மேல் கிக் கிக் என்று கத்திச் சுற்றினாலும் அதே பொருள்தான். கூட்டுக்குப் பக்கத்தில் கல்லோ குச்சியோ அடையாளம் வைக்கக் கூடாது. காகம் மனிதனைவிட வேகமாக அந்த அடையாளத்தைப் படித்துவிடும். கூட்டின் படத்தை இடத்தோடு எவருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

மீன்பிடித் துறையின் நாட்காட்டி

கடற்காகமும் செம்பருந்தும் மீனவரின் நேரத்தையே தங்கள் நேரமாகக் கொண்டவை. தெரேஸ்புரத்தில் காலையில் வள்ளம் கரை சேரும்போது வலையிலிருந்து உதறப்படும் சிறு மீனுக்காகச் செம்பருந்து தாழ வந்து, நீரைத் தொடாமலேயே காலால் எடுத்துக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போகாததால் அன்று கரையில் பறவையும் குறைவு. வேலைநாளில் போவது நல்லது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும்; கழிவு மீன் இல்லாததால் பறவைகள் நாட்டுப்படகு இறங்கும் கரைகளுக்கு இடம் மாறும். ஆகவே சித்திரை பிறந்ததும் நீங்களும் தெரேஸ்புரத்துக்கு மாறிவிடலாம். ஏலம் நடக்கும் இடத்தில் குறுக்கே நிற்காமல், ஆட்களின் முகத்தைப் படம் எடுக்காமல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

குறிப்பேட்டில் எழுத வேண்டியது

ஈபேர்ட் செயலியில் பட்டியல் இடுவது நல்லதே. எண்ணிக்கையும் நேரமும் இடமும் அதில் ஒழுங்காகப் பதிவாகும். இந்தப் பருவத்துக்கு அது மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் ஒரே இனத்தில் இருபது பறவைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் எத்தனைக்கு நிறம் ஏறவில்லை, எத்தனைக்குப் பாதி, எத்தனைக்கு முழுமை என்று மூன்று எண்களை எழுதுங்கள். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கும் மணல் உப்புக்கொத்திக்கும் இதைச் செய்தாலே போதும். அதோடு ஒவ்வோர் இனத்தையும் கடைசியாகப் பார்த்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ட நாளை எல்லோரும் எழுதுவார்கள். கடைசி நாள் அப்போது தெரியாது என்பதால், போகும் ஒவ்வொரு முறையும் எழுதிவந்தால்தான் அது கிடைக்கும்.

வைகாசியில் சோழகக் காற்று பலமாக வீசும்போது, எல்லாம் போய்விட்டன என்று எண்ணியிருக்கும் கரையில் ஒன்றிரண்டு கடற்காகம் இன்னும் நிற்கும். அதன் தலையில் முகமூடி அரைகுறையாக இருக்கும். பறக்கும்போது வாலைப் பாருங்கள்: நுனியில் கறுப்புப் பட்டை இருந்தால் அது சென்ற ஆண்டு பிறந்தது. இணை சேரும் வயது இன்னும் வராததால், கோடை முழுவதும் தெரேஸ்புரத்து வள்ளங்களின் பின்னே அதைப் பார்க்கலாம்.